புறங்கையால் தடவிப் பார்த்த அக்கா

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்லர் வைத்திருந்தார் அந்த அக்கா. எப்போதும் ஸ்வெட்டர், தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடி. முடி எடுக்கும் வேக்ஸைச் சூடாக்கும் முன், வந்தவர் கையைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார்.

வட்டக்கானல் விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்யும் எனக்கு அன்று ஒருநாள்தான் லீவு. சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள், ஐந்தாவது தடவையாக. கை காய்ந்து தெரிகிறதே என்று தேங்காயெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு போயிருந்தேன்.

தடவியவர் முகம் சுளித்தார். "எண்ணெய நேத்து ராத்திரியே தேச்சிருக்கணும்மா. இப்பத் தேச்சா வேக்ஸ் பிடிக்காது. உள்ள தோல் வறண்டு கெடக்கு, இழுத்தா புண்ணாயிரும். தண்ணி எப்பக் குடிச்ச?"

எனக்கு நினைவில்லை.

"குடிச்சா பாத்ரூம் போகணும்க்கா. நான் கழுவுற பாத்ரூமுக்கு நான் போகக் கூடாது."

அவர் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றித் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"ரெண்டு நாள் கழிச்சு வா. இன்னைக்கு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு நில்லு. இந்தக் குளிர்ல யாரு கேக்கப் போறா?"

அப்படியே நின்றேன். வந்தவர்கள் என்னென்னவோ கேட்டார்கள். தண்ணீர் எப்போது குடித்தாய் என்று என்னை இதுவரை கேட்டது அந்த அக்கா மட்டும்தான்.