செம்பு கெடக்கட்டும்

புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்புக்கு ஒரு வாசம் உண்டு. முதல் மழை விழுந்த மண்ணுக்கும் வாயில் அதக்கிய காசுக்கும் நடுவே எங்கோ நிற்கிற வாசம். ஐந்தாம் வகுப்புக் காலம் முழுக்க அது என் உள்ளங்கையிலேயே இருந்தது. நாச்சியாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும், செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு முதலில் ஓடுகிறவள் நான். கொடுத்தால் மட்டும் போதாது. "குடுத்துட்டு ஓடி வந்துறக் கூடாது, குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு வாங்கிட்டு வரணும்" என்பாள் அம்மா. வெறும் செம்பை வைத்துக்கொண்டு விருந்தாளி விழித்தால் அது வீட்டுக்கே "கொறச்சல்".

வெயிலில் வந்தவர்கள் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டுச் செம்பை நீட்டிவிடுவார்கள். உரக்கடை மாமா அப்படி இல்லை. அவர் எங்களுக்கு எந்த வழியிலும் மாமா இல்லை; அப்பாவுக்கு உரம் கொடுக்கிறவர், அதனால் மாமா. அப்பா வயலில் இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார். செம்போடு சேர்த்து என் மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வார். ஒரு மடக்கு குடிப்பார், ஊர்க்கதை கேட்பார், இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுப்பார், அப்புறம் இன்னொரு மடக்கு. "இரு ஆத்தா, என்ன அவசரம்." செம்பு அவர் கையில் இருக்கும்வரை நானும் அங்கே இருந்தாக வேண்டும், எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். உள்ளே வந்து பாவாடையில் கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பேன். அம்மாவிடம் என்னவென்று சொல்வது? மாமா மெதுவாகத் தண்ணீர் குடிக்கிறார் என்றா?

அந்த வருஷம்தான் காரைக்குடியில் எங்கள் பள்ளியின் தையல் டீச்சர் மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, ஊசி நூலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாடகம் போடுவோம் என்றார். பிடிக்காதபடி ஒருவர் தொட்டால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் நாடகம். பெரிய டீச்சருக்கு வியர்த்துவிட்டது. "கிருஷ்ணர் வேஷம் போட்டா ஆகாதா? இதைப் போட்டா, பெத்தவுக முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். "போடாட்டி, பிள்ளைக முகத்துல எப்படி முழிக்கிறது டீச்சர்" என்றார் தையல் டீச்சர்.

கதை சின்னது. வீட்டுக்கு வந்தவருக்குச் சிறுமி தண்ணீர் கொடுக்கிறாள். அவர் கையைப் பிடிக்கிறார். "விடுங்க, எனக்குப் பிடிக்கலை" என்று கத்திவிட்டு அவள் அம்மாவிடம் ஓடிச் சொல்கிறாள். சிறுமி நான். வந்தவர், என் பக்கத்துப் பெஞ்சு சித்ரா. கண்மையில் மீசை வரைந்ததும் அவளுக்கு நடையே மாறிவிட்டது. தண்ணி டேங்க் வரைக்கும் தொப்பையைத் தள்ளிக்கொண்டு போய்வருவாள். ஒத்திகையில் செம்பு கிடையாது, வெறுங்கையை நீட்டுவேன், அவள் காற்றைக் குடிப்பாள். வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறக்க நான் கத்திய கத்தல் இருக்கிறதே, அத்தனை சந்தோஷமாக நான் அதுவரை கத்தியதில்லை. நாடகத்து மாமாவையும் வீட்டு மாமாவையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நாடகம் காரைக்குடியில் நடந்தது. அவர் நாச்சியாபுரத்துக்கு வந்தார்.

பெற்றோர் கூட்டத்தன்றைக்கு நிஜச் செம்பு வேண்டும் என்றார் டீச்சர். வீட்டிலிருந்து எங்கள் செம்பையே கொண்டுபோனேன்; அம்மாவும் கூடவே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். திரை விலகியது. கொடுத்தேன். சித்ரா கையைப் பிடித்தாள். கத்தினேன், உதறினேன், ஓடினேன். மேடையின் பாதியில் என் கால்கள் நின்றன, திரும்பின, மீசை வைத்த சித்ராவின் முன்னால் போய் நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏண்டி திரும்பி வந்த? ஓடுடி" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"செம்பு" என்றேன்.

இரண்டையும் ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லிவிட்டது. கூட்டம் சிரித்தது, தாய்மார்கள்தான் அதிகம் சிரித்தார்கள், எல்லோரும் ஒருகாலத்தில் செம்புக்காக நின்ற பிள்ளைகள் அல்லவா. சித்ரா விளையாட்டாகச் செம்பைப் பின்னுக்கு இழுத்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த மடக்கு முடியட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், வீட்டில் நிற்பதுபோலவே. அதைப் பார்த்து அம்மா எழுந்துவிட்டாள்.

"செம்பு கெடக்கட்டும். நீ இங்குட்டு வா" என்றாள்.

நாடகத்து அம்மாவாக ஓரத்தில் நின்றிருந்தவள் என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தாள். நான் மேடையை விட்டு இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, நிஜ அம்மாவின் மடியில் முகத்தை வைத்தேன். கைதட்டினார்கள், எழுதி வைத்த முடிவு என்று நினைத்து.

பேருந்தில் குன்றக்குடி மலை தெரிந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "யாரு?" என்றாள். சொன்னேன். "முன்னாடியே ஏன் சொல்லலை" என்று கேட்கவில்லை. என் மணிக்கட்டைத் தன் முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த தடவை உரக்கடை மாமா செருப்பைக் கழற்றும் முன்னே அம்மா வாசலுக்குப் போனாள். கையில் தண்ணீர் இல்லை. "இனிமே இந்தப் பக்கம் வராதீக. ஏன்னு ஒங்களுக்கே தெரியும்." அப்பா உரத்துக்குத் தேவகோட்டைக்குப் போக ஆரம்பித்தார். பெண்பிள்ளைகள் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அம்மா போய், அடுப்படியில் உட்கார்ந்து, காரணத்தையும் சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்ச நாளில் உரக்கடைக்காரர் எங்கள் தெருவழியே போவதையே விட்டுவிட்டார்.

அந்த மேடை இப்போது இல்லை. அங்கே கார் நிறுத்துகிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் நாடகத்தில் கைபேசி வருகிறது, வேன் வருகிறது. நாங்கள் வியர்த்துப் பேசியதை அவர்கள் வீட்டுப்பாடம் ஒப்பிப்பதுபோலப் பளிச்சென்று பேசுகிறார்கள், கேட்கச் சுகமாக இருக்கிறது. செம்பு என் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. பொடி போட்டுத் துலக்குவதால் அதற்கு இப்போது வாசமே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி ஒருவர் வந்தார். என் மகள் டம்ளரை அவர் முன்னால் வைத்து, "வாங்க" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அவர் போய் வெகு நேரத்துக்குப் பிறகும் வெறும் டம்ளர் அங்கேயே இருந்தது, விளிம்பில் ஒரு எறும்போடு.

"அந்த டம்ளரை எடுத்து வைக்கக் கூடாதா பாப்பா" என்றார் என் கணவர்.

"கெடக்கட்டும்" என்றேன் நான்.