சகலனின் மூன்று பல் உள்ளி

போன செவ்வாய்க்கிழமை டொக்டருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். என் பிளட் ரிப்போர்ட்டை அவர் இரண்டு தரம் படித்தார்.

"கொலஸ்ட்ரோல் முந்தியை விடக் கூடிக் கிடக்கு. குளிசை போடுறீங்களா?"

"இல்ல டொக்டர்... நிப்பாட்டிட்டன்."

"ஆரைக் கேட்டு நிப்பாட்டினீங்க?"

யாரையும் கேட்கவில்லை. பொறாமை பிடித்தவன் யாரிடமாவது கேட்டுக்கொண்டா காரியம் செய்வான்?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சகலன் குணராசா, என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கடற்கரையோரம் இருந்த அவர்களுடைய வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. அங்கே அவர்களோடு இருந்த என் மாமியையும் கொண்டுபோனது. அதன் பிறகு அவரும் அக்காவும் செங்கலடியில் எங்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தார்கள்.

அந்த எட்டு மாதமும் எனக்கு முன்னால் எழும்பி முற்றம் கூட்டினார். கிணற்றில் தண்ணீர் அள்ளி வைத்தார். மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எல்லாம் இழந்து வந்த மனிதர் மேல் பொறாமைப்பட ஒருவனால் முடியுமா? என்னால் முடிந்தது.

பிறகு அவர்கள் சித்தாண்டியில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நாட்டில் நடந்த சண்டையும் முடிந்தது. நானும் கொஞ்சம் திருந்தியிருந்தேன் — இந்தக் கொலஸ்ட்ரோல் வரும் வரைக்கும்.

இருவருக்கும் ஒரே கிழமையில்தான் கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் குளிசை எழுதினார்கள். நான் குளிசையைத் தொடங்கினேன். அவரோ தினமும் விடிய மூன்று பல் உள்ளியை, அதுதான் வெள்ளைப்பூண்டை, பச்சையாக மென்று தின்னத் தொடங்கினார் என்று அக்கா வந்து சொன்னா. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அவருக்கு எல்லாம் நோர்மல். எனக்குக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"அத்தானப் பாருங்க" என்றாள் மனைவி. "வெறும் உள்ளி. நீங்க குளிசையும் போடுறீங்க, கொத்து ரொட்டியும் தின்னுறீங்க."

அவர் மூன்று பல் என்றால் நான் ஆறு பல். குளிசையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போய் வேறு சீட்டில் இருந்தார்கள். வேலைக்குப் போனால், கந்தோரில் நான் நுழைந்ததுமே ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். நான் விடவில்லை. சகலனை ஜெயிக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டொக்டர் சொன்னார்: "உள்ளி கொஞ்சம் உதவலாம். வேணாம் எண்டு நான் சொல்லல்ல. ஆனா குளிசை செய்யிற வேலையை அது செய்யாது. உங்கட குடும்பத்தில ஆருக்கும் நெஞ்சு வருத்தம் இருந்ததா?"

"அப்பாவுக்கு. அதிலதான் செத்தவர்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"அந்தச் சகலன் வேற என்ன செய்தார் எண்டு கேட்டுப் பாருங்க" என்றார்.

அன்று பின்னேரமே சித்தாண்டிக்குப் போனேன். சகலன் வட்டையில் நின்றார். சண்டைக் காலத்தில் கால் வைக்க முடியாமல் கிடந்த வயல். இப்போது தினமும் சைக்கிளில் போய் மண்வெட்டியோடு நிற்கிறார். வரம்பில் இருந்து நேராகவே கேட்டேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பொக்கற்றில் இருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"ரெண்டும்தான் தம்பி. குளிசைய ஒரு நாளும் விடல்ல."

"அப்ப ஏன் அண்ணன் சொல்லல்ல?"

அட்டையைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைத்தார். "கடல் வந்த நாளையில இருந்து நான் இருமினாலே அவ நித்திரை கொள்ளமாட்டா. எழும்பி இருந்து என்ட மூச்சப் பாப்பா. குளிசையக் கண்டா நெஞ்சு வருத்தம் எண்டு நினைச்சிருவா. உள்ளி கைமருந்துதானே, பயமில்ல. அதை அவக்கு முன்னால தின்பன். இதை இஞ்ச வந்து போடுவன்."

"அக்காவிட்டச் சொல்லிருங்க அண்ணன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அங்கே சாப்பிடப் போனபோது, எங்களுக்கு முன்னாலேயே தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா சோறு போடுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு முதல் மாசமே தெரியும். உங்கட சட்டையக் கழுவுறது ஆரு?"

"தெரிஞ்சும் கேக்கல்லயா புள்ள?"

"நான் பயப்படுவன் எண்டு நீங்க பயந்தீங்க. அதான் கேக்கல்ல."

சகலன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அக்கா அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தா.

நான் குளிசையை மறுபடி தொடங்கிவிட்டேன். வாசகர்களே, உங்களிடமும் அதைத்தான் சொல்வேன்: உள்ளி தின்னுங்கள், ஆனால் டொக்டரைக் கேட்காமல் குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "என்ன யோசனை?"

"ஒண்டுமில்ல" என்றேன். அந்த இரண்டு பேரையும் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது என்று கட்டின பெண்சாதியிடம் எப்படிச் சொல்வது?