இல்லாததற்குத்தான் மார்க்

எங்கள் ஆபீசில் ஏழையாக இருந்தால் மட்டும் போதாது. வந்து பார்க்கிறவன் கண்ணுக்கு ஏழையாகத் தெரியவும் வேண்டும்.

நான் அங்கே வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அகதிகளுக்கு உதவும் ஓர் அமைப்பின் கொச்சிக் கிளை. கிளை என்றால், மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்குக்கு மேலே இரண்டு அறை. இப்போது அதுவும் ஒரே அறை. எங்கோ சண்டை மூளும்போதெல்லாம் உதவி கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள், பணம் குறைந்தது. சண்டைக்குக் காசு கொடுக்கிறவனுக்குக் கை வலிப்பதே இல்லை. சோற்றுக்குக் கொடுக்கும்போதுதான் வலிக்கிறது.

எங்கள் தெருவிலேயே ஒரு சூடான் குடும்பம் இருந்தது. அப்பா, அம்மா, ஒரு மகள். அவர் அங்கே பூகோள வாத்தியார். கிட்னி கெட்டுப்போய், மாற்று கிட்னி வைக்கலாம் என்று எறணாகுளத்துக்கு வந்தார்கள். வந்த கொஞ்ச நாளில் அவர்கள் ஊரில் சண்டை தொடங்கிவிட்டது. வீடு இருந்த தெருவே இல்லை என்று போனில் படம் வந்தது. பணம் போட்டிருந்த பேங்கும் இல்லை. மாற்று கிட்னிப் பேச்சு அதோடு நின்றது. டெல்லிக்குப் போய் அகதி அட்டை வாங்கினார்கள். வாடகை குறைவு என்று மட்டாஞ்சேரிக்குக் குடி வந்தார்கள். அவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அதற்கான காசை எங்கள் ஆபீஸ் கட்டியது. கட்டாவிட்டால் அவர் செத்துப்போவார். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

பணம் குறைந்ததும் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லாக் குடும்பத்தையும் வீட்டில் போய்ப் பார்த்து மார்க் போட வேண்டும். இல்லாததற்குத்தான் மார்க். கட்டில் இல்லையா, மார்க். மிக்சி இல்லையா, மார்க். குறைவாக மார்க் வாங்குகிறவர்களுக்கு உதவி நிறுத்தம். டெல்லியிலிருந்து ஓர் ஆபீசர் வருவதாகச் சொன்னார்கள்.

நான் முந்தின நாளே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அரபு தவிர வேறு வராது. மகள் எங்கள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவாள். அவள்தான் நடுவில்.

"நாளைக்கு ஆபீசர் வர்றாரு. ஒண்ணும் செய்யாதீங்க. வீட்ட இப்படியே போடுங்க. கூட்டக்கூட வேண்டாம்."

மகள் அதை அரபியில் சொன்னாள். அம்மா சிரித்துவிட்டு ஏதோ கேட்டாள்.

"சேச்சி, உம்மா கேக்குது, அவரு எத்தர தூரத்துலேந்து வர்றாருன்னு."

"டெல்லிலேந்து. அது எதுக்கு?"

"அத்தர தூரம் வர்ற ஆளுக்கு சாயா கொடுக்காம விடுவாங்களான்னு கேக்குது."

"சாயா கொடுக்கட்டும். அது மதி."

அது போதும் என்று நான் சொன்னது அவர்கள் காதில் ஏறவே இல்லை.

மறுநாள் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு படி ஏறினேன். பாதிப் படியிலேயே சந்தனப் புகை வந்தது. கதவைத் திறந்தார்கள். முந்தின நாள் வெறும் பாய் கிடந்த இடத்தில் ஒரு கட்டில். அதன் மேல் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை விரிப்பு, ஹோட்டல் அறைபோல. சன்னலுக்குத் திரை. கீழ்வீட்டு மேமன் வியாபாரிக் குடும்பத்தின் தங்கக்கரை போட்ட பீங்கான் தட்டுகள். சாயாக் கடையின் நாற்காலிகள் நான்கு. மண் கூஜாவில் இஞ்சி தட்டிப் போட்ட காப்பி. கோழி வேறு.

விரிப்பைப் பார்த்ததுமே யார் வேலை என்று தெரிந்துவிட்டது. நாங்கள் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைக்காரக் குடும்பம். என் அண்ணன் ஹோட்டல்களுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிறான். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும், வெளுக்க வந்த துணியில் நல்லதாகப் பார்த்து ஒரு நாளைக்குக் கொடுத்து வாங்குவார்கள். அடுத்த நாள் திரும்ப வெளுத்து, உடையவனுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் பார்க்கும் வீடு முழுக்க ஊரான் துணி விரித்துக் கிடக்கும். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அந்த அம்மா சைகையில் கேட்டிருக்கிறாள், என் அண்ணி கட்டுக்கட்டாகக் கொடுத்திருக்கிறாள்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. சின்ன வயசு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, போனில் ஒவ்வொன்றாகக் குறித்தார். கட்டில். நாற்காலி. திரை.

"சார், இது எதுவுமே இவங்களோடது இல்ல. எல்லாம் இரவல்" என்று நான் இந்தியில் சொன்னேன்.

அவர் வீட்டுக்காரரைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்படியா? இதெல்லாம் இரவலா?"

வாத்தியாருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். விருந்தாளிக்காக அவர் நீட்டிய தட்டில் அப்போது ஆபீசரும் ஒரு கை வைத்திருந்தார். வாத்தியாரின் முகம் வீங்கியிருந்தது. மனைவி காப்பி ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இது என் வீடு, சார். நீங்கள் என் விருந்தாளி. முதலில் சாப்பிடுங்கள்" என்றார்.

ஆபீசர் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு மார்க் போட்டார்.

அன்றைக்கு அண்ணன் வீட்டில் போய்க் கத்தினேன்.

"அண்ணி, உங்களுக்கு யாரு சொன்னா விரிப்பு கொடுக்க?"

"எடீ, வீட்டுக்கு ஓர் ஆளு வரும்போ வெறும் தரையிலயா இருத்துவா? உன் ஆபீசுக்காரனுக்கு வெள்ளத் துணி கண்டா கண்ணு குத்துமோ?"

"உங்க துணியால ஒரு மனுஷன் சாகப் போறாரு."

"என் துணி எங்கடீ இருக்கு? அது ஹோட்டல்காரன் துணி."

சொல்லிவிட்டுத்தான் நான் சொன்னது அவளுக்கு உறைத்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றாள். "நீ என்கிட்ட முன்னாலயே சொல்லிருக்கலாமில்ல" என்றாள். ஆபீஸ் விஷயத்தைத் தெருவில் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு விதி. அந்த விதியை எழுதியவன் மட்டாஞ்சேரியில் குடியிருந்ததில்லை.

உதவி நின்றது. நான் ஆபீசில் சண்டை போட்டேன். அந்த வீட்டுக்காரரே தன்னுடையது என்று சொல்லியிருக்கிறாரே என்றார்கள். அடுத்த பரிசீலனையில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டால், பணம் வரும்போது என்றார்கள்.

தெரு கை விடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் துண்டு விரித்தார்கள். மேமன் வீட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். என் அண்ணி எங்கள் ஆட்கள் வீடுகளில் ஏறி இறங்கினாள். அவளிடம் யாரும் கை விரிக்கவில்லை. ஆனால் தெரு எத்தனை தடவை கொடுக்கும்? கிட்னி ஒவ்வொரு வாரமும் கேட்கும். வாரம் மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது. அவருக்குக் கால் வீங்கியது, பிறகு மூச்சு. தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள். மே மாசப் புழுக்கத்தில் அந்த மனுஷன் ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதும் நான் படியேறினால் எழுந்து நிற்கப் பார்ப்பார். உட்காருங்க என்று நான் அதட்டுவேன்.

ஒரு தடவை அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "அவர் தட்டில் கை வைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்தத் தட்டு என்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வேன்?"

ஐஸ் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

மழை தொடங்கிய வாரத்தில் அவர் இறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டும் முன்பே. மட்டாஞ்சேரிப் பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்கள். அவர் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர்தான், வாசலில் நின்ற நானும் அவர் மகளும். மனைவி வீட்டில் இருந்தாள்.

அடுத்த மாதம் டெல்லி ஆபீசிலிருந்து போன் வந்தது. அந்தக் குடும்பத்தின் மார்க் கூடியிருக்கிறது என்றார்கள். ஆண் துணை இல்லாத குடும்பம், பள்ளிக்கூட வயதில் பெண் பிள்ளை. இரண்டுக்கும் தனித்தனி மார்க். உதவி மறுபடி கிடைக்கும், போய்ச் சொல்லுங்கள் என்றார்கள். போனை வைத்த பிறகு அந்த ஒற்றை அறையில் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். கேட்க ஆள் இல்லை. மற்றவர்களை ஏற்கெனவே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போய்ச் சொன்னேன். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனி யாருக்கு டயாலிசிஸ், சேச்சி?"

"வாடகைக்கு ஆகும் மோளே. உன் படிப்புக்கு ஆகும். உம்மாகிட்ட சொல்லு."

சொன்னாள். அந்த அம்மா பேசத் தொடங்கினாள். கையை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல், வெகுநேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவை என்னைக் காட்டினாள். ஒரு தடவை கதவைக் காட்டினாள். மகள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், என்ன சொன்னாள் என்று மகளிடம் கேட்டேன்.

"உம்மா சரின்னு சொல்லுது" என்று மட்டும் சொன்னாள் மகள்.