மேலாளரின் ரத்தம் அசையவில்லை

அந்த ஊசிமருந்துத் தொழிற்சாலையில் அவளுக்குத் தெர்மாமீட்டர் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷமாக முயல்களின் பின்பக்கத்தில் காய்ச்சல் பார்ப்பதுதான் வேலை. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. முயன்றவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள். அவள் மாமியார் மட்டும் அக்கம்பக்கத்தில், "மருமக மருந்து கம்பெனியில பெரிய நர்ஸ்" என்று அடித்துவிடுவாள். "யாருக்கு நர்ஸ்?" என்று யாராவது தோண்டினால் காது கேட்காதவள்போல் உள்ளே போய்விடுவாள்.

எந்த மருந்து தயாரானாலும் அதில் கொஞ்சம் எடுத்து மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றுவார்கள். காய்ச்சல் கிளப்பும் அசுத்தம் ஏதாவது மருந்தில் இருந்தால் முயலுக்குச் சூடு ஏறும். மூன்று மணி நேரம், அரை மணிக்கு ஒரு தடவை, அவள் அளந்து எழுதுவாள். சூடு ஏறவில்லையென்றால் மருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும், ஏறினால் சாக்கடைக்கு. பெட்டிக்குள் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முயல், கதவைப் படாரென்று சாத்தினாலே பயத்தில் சூடாகிவிடும். அதனால் தொழிற்சாலை மேலாளரை "வாயை மூடுங்க சார்" என்று சொல்லும் அதிகாரம் அங்கே அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. அதை அவள் தாராளமாகவே பயன்படுத்தினாள்.

இப்படி இருந்தபோதுதான் புது விஞ்ஞானி வந்து சேர்ந்தாள். வந்த வாரமே அக்காவை உட்கார வைத்து விளக்கினாள்.

"மனுஷ ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்களோட மருந்தைக் கலந்து, சின்னச் சின்னக் குழி இருக்கிற தட்டுல ஒரு நாள் வெப்போம்க்கா. காய்ச்சல் சமாச்சாரம் ஏதாவது இருந்தா அணுக்கள் காட்டிக் குடுத்துடும். அந்தக் குழியில மஞ்சள் நிறம் வரும். இல்லைன்னா வெறும் தண்ணி மாதிரி இருக்கும்."

"அப்ப முயல்?"

"முயல் வேண்டாம்."

"அப்ப நான்?"

விஞ்ஞானி அவசரமாக ஒரு கோப்பைப் புரட்ட ஆரம்பித்தாள். அதில் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்த மாதிரி தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது, பஸ் ஓட்டும் அவள் புருஷன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே, "இத்தனை வருஷம் பின்பக்கத்தையே பாத்துட்டே. வேலை போனா ரெண்டைக் கூட்டிட்டு வா, முகத்தையும் பாக்கலாம்" என்றான். அன்றைக்கு அவனுக்குச் சோறு கொஞ்சம் குழைந்தே கிடைத்தது.

புதுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஆரோக்கியமான ஆள் வேண்டும். சமீபத்தில் காய்ச்சல் வந்திருக்கக் கூடாது, மாத்திரை எதுவும் போட்டிருக்கக் கூடாது. மேலாளர் முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கூடவே கேமராவோடு ஒருவரையும் அழைத்து வந்தார். ஊசி ஏறும்போது சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். படிவத்தில் மாத்திரை பற்றிய கேள்விக்கு நேரே 'இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் பார்த்தால் தட்டில் ஒரு குழியும் மஞ்சளாகவில்லை. காய்ச்சல் நஞ்சை வேண்டுமென்றே கலந்து வைத்த குழிகள்கூடத் தண்ணீராய்ப் பளபளத்தன. விஞ்ஞானி ரசாயனத்தை மாற்றினாள், கருவியை மாற்றினாள். மேலாளர் மறுபடி கையை நீட்டினார், அதற்கடுத்த வாரமும் நீட்டினார். மூன்று தடவையும் அதே கதை.

"முயலே தேவலை போலிருக்கே" என்றார் மேலாளர், பழி முழுவதும் புதுமுறை மேல் விழட்டும் என்கிற தோரணையில்.

அக்காவுக்கு உள்ளுக்குள் குஷி. வேலை தப்பித்தது. முயல்களுக்குத் தண்ணீர் நிரப்பக் குடத்தோடு மாடிப்படி ஏறியபோது, மேலாளர் அவளைத் தாண்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனார். அவள் நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாக இந்தப் படியில், கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கிப் போகிற மனுஷன். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் போய்விட்டாள்.

அன்று பூராவும் வேலை ஓடவில்லை. பதினேழாம் நம்பர் முயலின் காது, ஊசி குத்திக் குத்திக் காய்ப்புக் காய்த்திருந்தது. அதன் சூட்டை எழுதப் போனவள், கருவி நழுவியிருப்பதைக் கவனித்தாள். வழக்கம்போல அந்த அளவை எழுதாமல், சரியாக வைத்துத் திரும்பவும் பார்த்தாள். தப்பென்று தெரிந்த அளவை இந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் எழுதினதில்லை. கீழே விஞ்ஞானியின் ஆய்வகத்தில், தப்பென்று அவளுக்குத் தெரிந்த ஓர் அளவை வைத்துத்தான் எல்லோரும் முடிவெடுக்கப் போகிறார்கள். அந்த எரிச்சல் அவளைத் தூங்கவிடவில்லை.

காலையில் கூட்டம். புதிதாக எத்தனை முயல் வாங்கலாம் என்று கேட்க அவளை அழைத்தார்கள்.

"சார், மூட்டுவலி எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"எனக்கென்னம்மா, வலியே இல்லை."

"அதான் கேக்கறேன். போன மாசம் வரைக்கும் கைப்பிடியைப் புடிச்சுட்டு ஏறுவீங்க. இப்ப தாவுறீங்க. என்ன மாத்திரை சார் அது?"

"மாத்திரையெல்லாம் இல்லம்மா. மச்சான் குடுத்தது."

"மச்சான் என்ன குடுத்தார்?"

"சின்னதா, வெள்ளையா இருக்கும். வீக்கத்துக்கு." சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அதைப் படித்த விஞ்ஞானி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"சார், இது ஸ்டீராய்டு. உடம்போட அபாயச் சங்கையே அடைச்சு வெச்சிடும். உங்க ரத்தத்துல எதைக் கலந்தாலும் அசையாது."

"நாங்க இத்தனை வருஷமா கோப்பு அனுப்பிப் பாக்கறோம், அப்பவும் அசையலையே" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

பாட்டில் கழுவும் பிரிவிலிருந்து ஒரு பெண் ரத்தம் கொடுத்தாள். அடுத்த நாள், நஞ்சு வைத்த குழிகள் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக நின்றன. அக்கா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மஞ்சள் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு, "இந்தக் குழிக்குப் பயமும் இல்லை, வலியும் இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மேலிடத்து ஒப்புதல் வர ஒன்றரை வருஷம் ஆனது. முயல்களை ஆளுக்கு ஒன்றிரண்டாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பதினேழாம் நம்பர் அக்காவோடு போனது. போன முதல் வாரத்திலேயே அவள் புருஷனின் சீருடைக் கால்சட்டையைக் கடித்து ஜன்னல் வைத்தது.

அவளுக்கு வேலையும் போகவில்லை. ரத்தம் கொடுக்க வருகிறவர்களை விசாரிக்கும் நாற்காலியில் அவளை உட்கார வைத்தாள் விஞ்ஞானி. "முயல் எங்கிட்ட ஒருநாளும் பொய் சொன்னதில்லை. இதுங்க நாற்காலியில உக்காரும்போதே ஆரம்பிச்சிடுதுங்க" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். அவள் முறைப்புக்குப் பயந்து கேட்காததையெல்லாம் கொட்டியவர்கள் உண்டு. கம்பெனி லாரி ஓட்டுநர் ஒருவர், பெண்டாட்டிக்குத் தெரியாமல் புகைப்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, "இதை எழுதாதீங்கக்கா" என்று கெஞ்சினார்.

நேற்று வந்தவர் கிடங்குக் குமாஸ்தா. மாத்திரை எதுவுமே தொட்டதில்லை என்றார்.

"சரி. தலைவலி எப்ப போச்சு?"

"முந்தாநாள் சாயங்காலம்."

"எதனால போச்சு?"

குமாஸ்தா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவள் அவர் பெயரை அடித்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னாள்.