பாலசமுத்திரத்து மண்

சகோதரிகளே, எனக்கு வந்த நோயில் காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. சந்தேகம்தான் நோய். தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி ஒளு செய்து எழுந்தால், முழங்கை சரியாக நனைந்ததா என்று தோன்றும். திரும்பவும் முதலிலிருந்து கழுவினால், குதிகால் நனைந்ததா என்று தோன்றும். தொட்டித் தண்ணீர் தீர்ந்துபோகும். சந்தேகம் தீராது.

ஆந்திரா தனி மாநிலமான புதிது அது. சித்தூர் தமிழருக்கா, தெலுங்கருக்கா என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. என் ஒளு கூடுமா கூடாதா என்று நான் என்னோடே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து எரியும். கைக்குழந்தை பாலுக்கு வீறிடும்.

"இன்னாமே இது? புள்ள கத்திக்கினு கீது, நீ இன்னும் கையக் கழுவிக்கினு கீற!" என்பார் என் வீட்டுக்காரர்.

எனக்கென்ன ஆசையா? பக்தி முற்றிப்போய்விட்டது என்று நாத்தனார் கேலி செய்தாள். பக்தியாம் பக்தி! தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டாலே, மறுபடி தொட்டியடிக்குப் போக வேண்டுமே என்றிருக்கும். பைத்தியமாகிவிடுவேனோ என்று பயந்தேன். தொழுகையையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் தொட்டியடியில் உட்கார்ந்து அழுதேன். இறைவனிடம் கேட்கத் தெரிந்த அரபு துஆ ஒன்றும் வாயில் வரவில்லை. "யா அல்லாஹ், என்னால முடியல. இந்தத் தண்ணிகிட்டேருந்து என்னைக் காப்பாத்து!" என்று தமிழிலேயே கத்தினேன்.

அந்த வாரமே தங்கச்சி வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். பாலசமுத்திரம் தாண்டி, பொட்டல் வெளியில் பஸ் நின்றுவிட்டது. கூஜாவில் இருந்த தண்ணீர் குழந்தைக்கே போதாது. பிற்பகல் அஸர் தொழுகை நேரமோ போய்க்கொண்டிருந்தது. இறங்கி நின்ற ஆண்கள் சும்மா இருந்தார்களா? "இது எங்க மண்ணு" என்று ஒருவர், "இதி மா பூமி" என்று அதையே தெலுங்கில் இன்னொருவர். எனக்கு எரிச்சலாக வந்தது.

"தண்ணி இல்லன்னா மண்ணு கீதே. தயம்மும் செய்மே" என்று வீட்டுக்காரர் துப்பட்டியை மறைப்பாகப் பிடித்தார்.

தண்ணீர் கிடைக்காதபோது மண்ணில் கை வைத்து முகத்திலும் கைகளிலும் தடவிக்கொள்வதுதான் தயம்மும். தடவினேன். உடனே சந்தேகம் வந்தது, முழங்கை நனைந்ததா என்று! மண்ணில் நனைவது எங்கே? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு தக்பீர் கட்டித் தொழ நின்றேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தொழுதேன். பிள்ளையும் பால் குடித்து மடியில் தூங்கியது.

தண்ணீரிடமிருந்து காப்பாற்று என்று கேட்டேன். தண்ணீரே இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அல்ஹம்துலில்லாஹ்! சந்தேகம் இப்போதும் எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு தரம் கழுவிவிட்டு நான் எழுந்துவிடுகிறேன்.

உங்களில் யாராவது தொட்டியடியில் அழுதுகொண்டிருந்தால், தெரிந்த பாஷையில் அவனிடம் கேளுங்கள். சண்டைபோட்டுக் கேட்டாலும் கேட்கிறவன் அவன். அந்த மண் கடைசியில் எந்த மாநிலத்தில் சேர்ந்தது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. சுத்தமான மண். எனக்கு அது போதும்.