பெயருக்குப் பின்னால் ஒரு பி.ஏ.

மில் வேலையா, பட்டப்படிப்பா, ஆயுசு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் எதில் காசு அதிகம் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் வேறொன்று போயிற்று.

அப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டியவர். எழுபதுகளின் நடுவில் அண்ணன் பி.ஏ. தேறியபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மில்லில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துத் தம்பட்டம் அடித்தார். ஆனால் வேலை வரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அண்ணன் வருஷக் கணக்கில் வீட்டில் கிடந்தான். கூடப் படித்த ஒருவருக்குக் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. அவர் சம்பளம் அப்பாவின் கூலியை எட்டவில்லை, தீபாவளி போனஸும் கிடையாது.

கடைசியில் அண்ணனே மில்லில் சேர்த்துவிடச் சொன்னான். அங்கோ பட்டதாரிகளைத் தறிக்கு எடுக்க மாட்டார்கள். படித்தவன் சட்டம் பேசுவான், வேறு வேலை வந்தால் ஓடிவிடுவான் என்று பயம். அப்பா அவனைக் கூட்டிப்போய் மேஸ்திரி முன்னால் நிறுத்தினார். பி.ஏ. என்று மிட்டாய் கொடுத்தாயே என்று மேஸ்திரி மடக்கினாராம். அப்பா சொன்ன பதிலை அண்ணன்தான் என்னிடம் பிறகு சொன்னான்.

"அது பொய்யிங்க. ரெண்டு பேப்பர் போயிடுச்சி. அப்புறம் இவன் எழுதவே இல்ல."

அது மில் முழுக்கப் பரவியது. ஃபெயிலான பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்தவர் என்று கேலி பேசினார்கள். அண்ணன், ஆள் வராத நாளில் அவர் தறியை ஓட்டும் பதிலி ஆளாக நுழைந்து, பிறகு நிரந்தரமானான். குமாஸ்தா நண்பரைவிட அதிகம் சம்பாதித்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வீடு நிமிர்ந்தது. அப்பாதான் நிமிரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்கக் கொடுக்க அப்பாவோடு நானும் போனேன். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்ன படிப்புப் போட வேண்டும் என்று அச்சகக்காரர் கேட்டார். பத்திரிகை மில்லில் எல்லாருக்கும் போகும். அப்பா அவர் பக்கம் குனிந்தார்.

"மில்லுல பர்மனென்ட்டுங்க. அதப் போடலாமா?"

அப்படிப் போடும் வழக்கம் இல்லை என்றார் அவர். சிரிக்காமல் சொன்னாரே, அதுவே பெரிய உபகாரம். அப்படியானால் பெயர் மட்டும் போதும் என்று அப்பா எழுந்துவிட்டார்.

தெருவில் இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விஷயம் தெரியாதவளிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

"உங்கண்ணன் பாஸ் பண்ணவன்மா."