புழு கேட்ட ரத்தம்

முதலில் மரத்தது இடது கால் பெருவிரல். குருவிகுளம் பக்கம் ஒரு காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தோம். செருப்பு கழன்றது தெரியாமல் முள்ளில் நடந்திருக்கிறேன். பாதத்தில் ரத்தத்தைக் கண்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என் வீட்டுக்காரர், "பிடிப்பா இருக்கும் ஏட்டி, எண்ணெய் போட்டு நீவு" என்றார். ஆறு மாதம் நீவினேன். முதுகும் வலிக்கத் தொடங்கியது. சங்கரன்கோவிலில் ஜவ்வு விலகல் என்றார்கள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். என் முதுகு யார் பேச்சையும் கேட்கவில்லை. இரண்டு காலும் துவண்டு விழுந்த பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள்.

ஸ்கேனில் முதுகெலும்புக்குள் கட்டி தெரிந்தது. அதைப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஆடு, நாய் இருக்கா?"

நோயின் பெயர் ஹைடாடிட் (நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்பருவம், மனித உடம்பில் நீர்க்கட்டியாக வளர்வது). ஆடு அறுக்கையில் ஈரலில் நீர்க்கொப்புளம் இருந்தால் நாங்கள் சமைக்க மாட்டோம், நாய்க்கு எறிவோம். வீணாகக் கூடாதே என்ற எண்ணம். நாய் தின்ற பிறகு அதன் கழிவில் புழுவின் முட்டை வரும், ரோமத்தில் ஒட்டும். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிட்டிருப்பேன்.

"எலும்புக்குள்ள அதுக்கு ஏது டாக்டர் சாப்பாடு?"

"உங்க உடம்புதான்மா குடுக்குது. காயம் பட்டா, இங்க ரத்தம் வேணும்னு உடம்பு ஒரு புரதத்தை அனுப்பும். உடனே புதுசா ரத்தக் குழாய் முளைக்கும். இந்தக் கட்டியைச் சுத்தியும் அதே புரதம் கூடுது. புழு அதை எப்படிக் கூட வைக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியல."

அதற்கு ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி என்று பெயராம் (பழைய குழாயைப் புதுக் கிளை விடச் சொல்லும் பொருள்). எனக்கு ஆத்திரம் பொங்கியது. காயமே இல்லாத இடத்தில் காயம் என்று பொய் சொல்லி என் ரத்தத்தைக் குடித்திருக்கிறது.

"அறுத்து எடுங்க" என்றேன்.

"நடப்பீங்கன்னு உறுதி சொல்ல முடியாது. எடுத்தாலும் திரும்ப வரலாம்."

"வரட்டும். நானும் இங்கனதான இருக்கேன்."

எடுத்தார்கள். பிறகு பல மாதம் அல்பெண்டசோல் (புழுவைக் கொல்லும் மாத்திரை). கட்டு மாற்றும்போது தையல் ஓரம் சிவந்து தெரிந்தது. நல்ல ரத்த ஓட்டம், ஆறிவிடும் என்றார் நர்ஸ். அந்தப் புரதம் இப்போது எனக்காக வேலை செய்கிறது. என் உடம்பை நான் மன்னித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் செவலை நாயை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நான் சம்மதிக்கவில்லை. போட்டது நாம், நாய் என்ன செய்யும்? அதற்கும் புழு மாத்திரை கொடுக்கிறோம். கால் மரத்துப்போகும் நிலையில் இதைப் படிப்பவர்களே, ஆடும் நாயும் வளர்ப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சொல்லாமல் நான் ஆறு மாதத்தைத் தொலைத்தேன்.

போன கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கிடா வெட்டினோம். ஈரலில் கொப்புளம். கொழுந்தன் அதை நறுக்கிச் செவலையைக் கூப்பிட்டான்.

"ஏலே, எறியாத."

"ஒரு துண்டுதான மதினி."

ஆபரேஷனுக்குப் பிறகு பிடித்து நடக்கும் வாக்கரை விட்டேன். ஐந்து அடி எடுத்து வைத்து அவன் கையைப் பிடித்தேன்.

"நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டு."

"வெட்டுதேன். நீங்க உக்காருங்க மதினி."

"நின்னுதான் பாப்பேன்."

அடுத்த ஸ்கேன் தை மாதம். இப்போதெல்லாம் என் நாட்கள் ஒரு ஸ்கேனிலிருந்து மறு ஸ்கேன் வரைதான். அவன் குழியை மண் போட்டு மூடும்வரை வெறுங்காலோடு வெயிலில் நின்றேன். இடது பெருவிரலில் மண் சுட்டது. நன்றாகச் சுடட்டும் என்று காலை எடுக்காமல் நின்றேன்.